மெர்லினின் கண்ணீருக்கு வந்தவை

மெர்லின் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் அது அழுகை இல்லை. விம்மல் இல்லை, மூக்குறிஞ்சல் இல்லை, உதடுகூடக் கோணவில்லை. ஏதோ யோசனையில் கொட்டையின் வெள்ளைத்தோலை நகத்தால் கீறிக் கீறி எடுத்துக்கொண்டிருந்தவளின் இரண்டு கன்னங்களிலும் தண்ணீர் இறங்கி, தாடையில் சேர்ந்து, மடியிலிருந்த முறத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அடுக்களை வாசலில் நின்று பார்த்த ஆன்சிக்கு முதலில் பயம் வரவில்லை. அப்பாடா, இன்றைக்கு நாம் ஒன்றும் சொல்லி அழவைக்க வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் வந்தது. நல்ல அக்காள்தான் போங்கள்.

"என்னடி, டிஜோ நினைப்பா?"

"இல்ல சேச்சி. சும்மாவே வருது. காலையில எந்திரிச்சதுலேர்ந்து நிக்கவே மாட்டேங்குது." மெர்லின் நிமிர்ந்தாள். முகம் தெளிவாகத்தான் இருந்தது. "உறுத்துது. துடைச்சா நீ திட்டுவ."

"துடைக்காத. பூச்சி வந்து உக்காந்தா நசுங்கிடும்."

"ஆமா, தங்கச்சி கண்ணைவிட உனக்கு அதுதானே பெருசு."

"வாயைப் பாரு. வேலையப் பாருடி."

வெளியே காப்பித் தோட்டத்தின்மேல் கர்க்கடக மாசத்து அடைமழை அடித்துக்கொண்டிருந்தது. சாயங்காலம்தான், ஆனாலும் வீட்டுக்குள் மூலை முடுக்கெல்லாம் இருட்டிவிட்டது. மத்தியானம் போன கரண்ட் வயநாட்டில் எப்போது திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? ஆன்சி எமர்ஜென்சி விளக்கை எடுத்துக்கொண்டு அடுக்களையை ஒட்டிய தன் வேலையறைக்குப் போனாள். ரசகற்பூர வாசனை மூக்கிலேறியது. பலகையில் குத்திவைத்த நாலு பூச்சிகளும் காய்ந்து தயாராக இருந்தன.

கல்லூரியில் விலங்கியல் டீச்சர் அவள். எல்லாரும் உள்ளங்கை அகலத்துக்கு வண்ணத்துப்பூச்சி பிடித்துப் பேர்வாங்கிக்கொண்டிருக்க, இவள் அரிசிமணி அளவு அந்துப்பூச்சிகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவற்றை இறக்கையைப் பார்த்து இனம் பிரிக்க முடியாது. வயிற்றை ஒடித்தெடுத்து, பொட்டாஷ் கரைசலில் கொதிக்கவைத்து, உள்ளே மிஞ்சும் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இது இன்னது, இது புதியது என்று சொல்லலாம். இத்தனை வருஷத்தில் இவள் பார்த்த எதுவும் புதியதாக இருந்ததில்லை. கோடையில் பூச்சி பிடிக்க விளக்கு வைத்துக் கட்டிய துணியில் வந்து உட்கார்ந்த ஒரு சாம்பல்நிறப் பூச்சிதான் முதல்முறையாக எதனோடும் பொருந்தவில்லை. ஆனால் அது பெண்.

"ஆண் இல்லாம கட்டுரை அனுப்பாத ஆன்சி, மூஞ்சியில விட்டெறிவானுங்க" என்று திருச்சூரிலிருந்து அவளுடைய பழைய பேராசிரியர் குரியன் சார் போனில் சொன்னார். "பெங்களூர்ல ஒருத்தன் கையிலயும் இதே பூச்சி இருக்கு. அவனும் ஆணைத்தான் தேடுறான். முந்துறவனுக்குத்தான் பேரு."

அப்போதுதான் மெர்லின் வந்தாள். புருஷன் டிஜோ போன ஜீப்பை மலைச்சரிவு அடித்துக்கொண்டுபோய்விட்டது. ஜீப் கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளின் கண்ணோரத்தில் சாம்பல்நிறமாக ஒன்று வந்து ஒட்டியதை ஆன்சி பார்த்தாள். கண்ணீர் குடிக்க வரும் அந்துகள் உண்டு. அப்படி வருபவை பெரும்பாலும் ஆண் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சந்தோஷத்தோடு சத்தமில்லாமல் கிட்டே போனாள். குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, தங்கையின் இமைமேல் கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்தாள்.

ஆனால் எந்த அழுகையும் ஒருநாள் ஓய்ந்துவிடுகிறது. மெர்லின் சாப்பிடத் தொடங்கினாள், ஒருதரம் சிரிக்கக்கூடச் செய்தாள். அதன்பிறகு ஆன்சி சாயங்காலமானால் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக்கொடுப்பாள். மானந்தவாடியில் டிஜோவுக்கு ஒருத்தி இருந்தாளாமே என்று ஒருநாள். "அன்னிக்கு நீ போன் பண்ணி சீக்கிரம் வா, சீக்கிரம் வான்னு உயிரெடுக்கலேன்னா அவன் ஏண்டி அந்த வழியா வந்திருப்பான்?" என்று இன்னொரு நாள். அதைக் கேட்டு மெர்லின் தரையில் உருண்டு அழுதாள். அன்றைக்கு இரண்டு பூச்சிகள் வந்தன.

"சேச்சி" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "பூச்சிக்கு டிஜோ பேருதானே வெக்கிற?"

"ஆமாடி, சொன்னேன்ல."

குரியன் சார் பேரை வைப்பதாக அவரிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும். செத்தவன் என்ன கொடுப்பான்?

ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தாள். பூச்சி காய்ந்து, அதைப் படமெடுத்து முடியும்வரை அதன் வயிற்றில் கைவைக்கக் கூடாது என்பதால்தான் இத்தனை நாள் பொறுத்திருந்தாள். ஊசிமுனையால் தட்ட, முதல் பூச்சியின் வயிறு உமிபோல ஒடிந்து விழுந்தது. கரைசல் கொதித்தது, சோப்பும் எரிந்த மயிருமாக ஒரு நாற்றம் எழுந்தது. மெல்லிய தூரிகையால் செதில்களைத் துடைத்து நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தாள்.

பெண்.

"சனியனே" என்றாள். ஒன்று அப்படி இருக்கும். அடுத்ததை ஒடித்தாள். அதுவும் பெண். மூன்றாவதும் அப்படியே. நாலாவதைப் பார்க்கும்போது வேர்த்திருந்தது. எல்லாம் பெண். ஒவ்வொன்றின் வாலிலும் பழுப்பாக, ரம்பப் பல்லோடு, நீண்ட ஊசி. துளைத்து உள்ளே முட்டையிடுவதற்கானது. கோடையில் பிடித்ததிலும் இதே ஊசி இருந்தது. ஏதோ செடித் தண்டைத் துளைப்பதாக்கும் என்று நினைத்திருந்தாள். ஆனால் அதன் வயிறு நிறைய முட்டை இருந்தது.

இவற்றில் ஒன்றுகூட இல்லை. நாலு வயிறும் காலி.

ஆன்சி நிமிர்ந்தாள். மழைச் சத்தம் எங்கோ தள்ளிப்போனதுபோல இருந்தது. இமையில் வந்து உட்கார்ந்ததும் அவை நாக்கை நீட்டியதை அவள் பார்த்திருந்தாள். தலையை மட்டுமே பார்த்தாள். வாலை யார் பார்த்தார்கள்? குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாளே. ஒவ்வொரு தடவையும். நிதானமாக. ஐயோ.

அடுக்களையில் நகம் கீறும் சத்தம் நின்றிருந்தது.

"சேச்சி." குரல் மிக அருகில் கேட்டது. "கொஞ்சம் வெளிச்சத்தக் காட்டேன். கண்ணுக்குள்ள என்னமோ நடக்குது."

மெர்லின் வாசலில் நின்றாள். கன்னம் இரண்டும் நனைந்து பளபளத்தன.

"வலிக்குதா?" என்று கேட்டாள் ஆன்சி.

"வலி இல்ல. நடக்குது."

விளக்கைத் தூக்கினாள். இடது கண்ணின் வெள்ளையில், சிவப்பு நரம்புகளுக்கு நடுவே, பழுப்பாக ஒரு கொட்டை. கூடு. அது அசைந்தது. மேல்நுனி பிளந்தது. ஈரமாக ஒரு தலை வெளியே வந்தது. கால்கள் வந்தன. கருமணியை மிதித்து ஏறி, கீழிமையின் மயிரைப் பிடித்துக்கொண்டு நின்றது.

சீப்புபோலக் கிளைவிட்ட உணர்கொம்பு.

ஆண்.

"என்னது சேச்சி? எடுத்துடு. எடுத்துடேன்." மெர்லினின் கை கண்ணுக்கு உயர்ந்தது. ஆன்சி அதைப் பிடித்தாள். விளக்கை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு மணிக்கட்டுகளையும் ஒரே கையால் சேர்த்துப் பிடித்தாள். அவளுக்கு அம்மா என்று கத்திக்கொண்டு மழையில் இறங்கி ஓடிவிட வேண்டும்போல இருந்தது. ஆனாலும் பிடியைத் தளர்த்தவில்லை. கூட்டை விட்டு வந்ததும் கொன்றால் பயனில்லை. இறக்கை கசங்கிக் கிடக்கும். அது விரிய வேண்டும். உலர வேண்டும். அதுவரை இமை மூடக் கூடாது.

"சேச்சி! விடு! கடவுளே, சேச்சி!"

"கொஞ்ச நேரம் மோளே. கொஞ்ச நேரம்தான்."

மெர்லினைச் சுவரோடு சாய்த்து, முழங்கையால் தோளை அழுத்தி, கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் அந்த இமைகளை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள் ஆன்சி. கண்ணீர் அவள் விரலிடுக்கில் வழிந்தது. கசங்கிய சாம்பல் இறக்கைகள் மெல்ல, மிக மெல்ல, விரியத் தொடங்கின. அதன் பின்னால், வெள்ளை முழுக்கப் பழுப்புப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிளந்துகொண்டிருந்தன.