குளத்தேரிக் குழி

“அக்கா, அவங்க போறப்ப மட்டும் அந்தக் குழி எங்கக்கா போயிருது?”

இதைக் கேட்டபோது குமுதாவுக்கு ஐந்து வயது. காலை மிதவண்டியின் கடைசி வரிசையில், அக்கா தெய்வானையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளத்தேரித் திருப்பத்தில் அவர்களுடைய இருக்கை தூக்கிப் போட்டது. பல்லோடு பல் மோதி, குழந்தை நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதே வண்டியின் முன்வரிசையில் ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் கோப்பையில் ஓர் அலைகூட எழவில்லை.

“பேசாம வா” என்று தெய்வானை அதட்டினாள். பதில் தெரியாதவர்கள் குழந்தைகளிடம் சொல்வது அதுதான்.

கோவையில் அப்போது எல்லோரும் மிதவண்டியில்தான் போனார்கள். ஓட்டுநர் கிடையாது. ஒவ்வோர் இருக்கைக்கும் அடியில் ஓர் அதிர்வுவாங்கி இருந்தது. சாலையில் என்ன மேடு பள்ளம் வந்தாலும் அதை வாங்கி விழுங்கிவிட்டு, மேலே இருப்பவரைத் தண்ணீரில் மிதக்கும் இலைபோலக் கொண்டுபோகும். நெசவாலை ஊர் என்பதால் மென்பயண நிறுவனம் வரிசைகளுக்கு அழகாகப் பெயர் வைத்திருந்தது. முன்னால் பட்டு, நடுவில் பருத்தி, கடைசியில் சணல். பட்டுக்கு எதுவும் தெரியாது. பருத்திக்கு லேசாகத் தெரியும். சணலுக்குச் சாலையில் உள்ள ஒவ்வொரு கல்லும் தெரியும்.

சணல்காரர்களிடம் அதனால் ஒரு வழக்கம் வந்திருந்தது. முதலில் பார்க்கிறவர் “குழி!” என்று குரல் கொடுப்பார். உடனே வரிசை முழுவதும் இரண்டு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ளும். இறங்கும்போது ஒரே சீராக ஒரு பெருமூச்சு கேட்கும். பழகிப்போனவர்கள் கல்யாணப் பந்தியில்கூட யாராவது சத்தமாக இருமினால் கையூன்றி எழுந்துவிடுவார்கள்.

அந்தக் குழியை யாரும் மூடவில்லை. சாலைகளும் நிறுவனத்தின் பொறுப்பில்தான் இருந்தன. நிறுவனத்தில் முடிவெடுக்கிற எல்லோரும் பட்டில் போனார்கள். அவர்களைப் பொறுத்தவரை அந்தத் திருப்பத்தில் குழியே இல்லை.

குமுதாவுக்கு ஒன்பது வயதானபோது பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்தாள். முதுகெலும்பில் திருகு வைத்துக் கட்டினார்கள். “எலும்பு சேர்ற வரைக்கும் அதிர்ச்சியே கூடாதும்மா. ஒரு பெரிய குலுக்கல் போதும், வெச்சது விலகிரும்” என்று மருத்துவர் சொன்னார். சொல்லிவிட்டு அவர் பட்டில் ஏறி வீட்டுக்குப் போனார். தாய் தகப்பன் இல்லாத அந்த இரண்டு பெண்களும் சணலில் ஏற வேண்டியிருந்தது.

அன்று நடந்ததைத் தெய்வானை மறக்கவே இல்லை.

பட்டு வரிசையில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, பக்கத்து இருக்கையில் பெரிய அட்டைப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் கழுத்துப் பட்டையையும் தெய்வானையின் முகத்தையும் பார்த்தாள். எழுந்து வந்தாள்.

“கண்ணு, என்ற மடியில வந்து படுத்துக்கிறியா?”

“பட்டுல நாங்க உக்காரக் கூடாதுங்க” என்றாள் தெய்வானை.

“உக்காரத்தான கூடாது? படுக்கட்டும்.”

குமுதாவைப் பதமாகத் தூக்கித் தன் மடியில் கிடத்திக்கொண்டாள். உடனே இருக்கை பேசியது. இருக்கைப் பகிர்வு விதிமீறல் என்றும், இதைத் தொடர்ந்தால் பயணியின் பட்டு உரிமை ஓராண்டு விலக்கப்படும் என்றும் இனிமையான குரலில் எச்சரித்தது.

“விலக்கிக்க சாமி” என்று அந்தப் பெண் இருக்கையிடம் சொன்னாள். குழந்தையின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, குளத்தேரி தாண்டும் வரை தலையைக் கோதிக்கொண்டே வந்தாள்.

அவள் பெயர் ரோஸ்மேரி என்பதும், கல்யாண வீடுகளுக்குக் கேக் செய்து கொடுப்பவள் என்பதும் பிற்பாடுதான் தெய்வானைக்குத் தெரிந்தது. அந்தப் பட்டு உரிமை கேக்குக்காக வாங்கியது. சணலில் கேக் உடையும். குழந்தை உடைந்தால் பரவாயில்லை என்று வைத்திருந்த ஊர், கேக்குக்கு வழி வைத்திருந்தது.

தெய்வானை நிறுவனத்தை அழைத்தாள். “உங்கள் வருத்தத்தில் பங்கு கொள்கிறோம். பட்டு வரிசைக்கு மாறுவதைப் பரிந்துரைக்கிறோம்” என்றது ஒரு குரல். மறுபடி அழைத்தாள். அதே வாக்கியம், அதே இரக்கம். மூன்றாம் முறை அவள் கத்திய கத்தலில், அவள் வேலை பார்த்த பம்புசெட் பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. மருதமலை இருக்கும் திசையைப் பார்த்து, “நீயாச்சும் கேக்கறியா?” என்று முருகனையும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

ஆடி பிறந்ததும் குமுதாவை வாரா வாரம் சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குள் ஒரு வழி வேண்டும்.

வழியை லோகு காட்டினான். உக்கடத்தில் பழைய இரும்பு பிரிக்கிறவன். பள்ளிக்கூட நாளிலிருந்து தெய்வானையைப் போலவே பழைய கார்ப் பைத்தியம். அவன் கிடங்கில் ஒரு சின்னக் கார் நின்றது. பெட்ரோல் காலத்து உடம்பு, பிறகு யாரோ மாட்டிய மின்மோட்டார். அதைக் காட்டுவதற்கு முன்னால் அவன் வேறொன்றைக் காட்டினான். உடைத்த மிதவண்டியின் இரண்டு இருக்கைகள்.

“இது பட்டு. இது சணல். அடியில பாரு.”

தெய்வானை குனிந்து பார்த்தாள். இரண்டுக்கும் அடியில் ஒரே அதிர்வுவாங்கி. ஒரே அளவு, ஒரே அச்சு, ஒரே முத்திரை.

“சணலுக்குச் சும்மா ஸ்பிரிங்குன்னுதான நெனச்சிருந்தேன்?”

“எல்லாரும் அப்படித்தான் நெனக்கறாங்க. ரெண்டும் ஒண்ணுதான். சணலுக்கு அடியில இருக்கறதுகிட்ட, நீ வேல செய்யாதேன்னு சொல்லி வெச்சிருக்காங்க. சணல் வலிச்சாத்தான புள்ள, பருத்தி வாங்குவாங்க?”

தெய்வானை அந்தச் சணல் இருக்கையை ஓங்கி உதைத்தாள். கால் கட்டைவிரல் வீங்கியது.

“இருக்கை என்ன பண்ணுச்சு பாவம்?” என்றான் லோகு.

அன்றிலிருந்து பட்டறை விட்டதும், லோகு இரும்பு விலைக்குக் கொடுத்த அந்தக் காரின் அடியில் அவள் கிடந்தாள். பழைய தொங்கலமைப்பு, லோகுவின் வாயில் சஸ்பென்ஷன், மொத்தமும் செத்திருந்தது. ஷாக் அப்சார்பர்கள் நான்கும் எண்ணெய் கக்கியிருந்தன. மூட்டுகளில் இருந்த புஷ் ரப்பர்கள் காய்ந்து பிஸ்கட்டாக உதிர்ந்தன. ஸ்பிரிங் ஒன்றில் விரிசல். எல்லாவற்றையும் கழற்றி, துரு சுரண்டி, வண்ணம் அடித்தாள். பழைய ஷாக்குகளுக்குப் பதிலாக, மேலே திருகைத் திருப்பினால் இறுகவும் தளரவும் செய்கிற புது வகை வாங்கிப் போட்டாள். ஸ்பிரிங்குகளைக் குட்டையாகவும் தடிப்பாகவும் தேர்ந்தெடுத்தாள். வண்டி தரையோடு பதுங்கியது.

“இன்னும் இறுக்கு” என்றாள்.

“இதுக்கு மேல இறுக்கினா இரும்புக் கட்டில்தான். ஏம்புள்ள, வண்டிக்கு ஸ்பிரிங் போடறியா, இல்ல உன்ற கோவத்தப் போடறியா?”

“மிதவண்டிய நான் முந்திப் போகோணும். பட்டுல உக்காந்திருக்கறவன் திரும்பிப் பாக்கோணும்.”

“பாத்து?”

அவள் மறுபடி வண்டிக்கடியில் நுழைந்தாள். இறுக்கினாள்.

ஒரு ஞாயிறு காலை இருவரும் குளத்தேரித் திருப்பத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி சாயாமல், அலையாமல் அம்புபோல் பாய்ந்தது. குழியில் ஓர் அடி விழுந்தது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்த தெய்வானைக்கு அது சுகமாக இருந்தது. பக்கத்தில் போன மிதவண்டியைத் தாண்டும்போது ஓவென்று கத்தினாள். பட்டு வரிசையில் ஒருவரும் திரும்பவில்லை. தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து குமுதாவின் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். குழந்தை கண் விரியக் கேட்டாள்.

“நான் எங்கக்கா படுக்கறது?”

“பின்னாடி. சீட்ட மடக்கி மெத்தை போட்டாச்சு.”

“நீ அங்க படுத்துப் பாத்தியா?”

அந்தக் காரின் ஒவ்வொரு திருகும் தெய்வானைக்குத் தெரியும். பின்னிருக்கையில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

அன்று மாலையே லோகுவை ஓட்டச் சொல்லிவிட்டு மெத்தையில் மல்லாந்து படுத்தாள். தெரு முனையிலேயே சின்னச் சின்னக் கற்கள் முதுகைத் தட்டத் தொடங்கின. குளத்தேரியில் லோகு “குழி!” என்றான். படுத்திருப்பவளுக்குக் கையூன்ற இடமில்லை. இடுப்பில் விழுந்த அடி மண்டை வரை ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சணலைவிட மோசம்.

“வண்டிய நிறுத்துடா.”

லோகு ஓரமாக நிறுத்தினான். கேலி பேச வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். தெய்வானை நெடுநேரம் மெத்தையிலேயே கிடந்தாள். இத்தனை நாள் அவள் யாருக்காகக் கோபப்பட்டாளோ, அந்தக் குழந்தையின் முதுகைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நினைத்து அந்த வண்டியைச் செய்திருந்தாள். ‘வேலை செய்யாதே’ என்று நிறுவனம் அதிர்வுவாங்கியிடம் சொன்னது. அதையேதான் அவளும் தன் ஸ்பிரிங்கிடம் சொல்லியிருந்தாள். நிறுவனத்தின் மேல் இருந்த கோபம் முழுவதும் திரும்பி அவள் மேலேயே விழுந்தது.

“எல்லாத்தையும் கழட்டு” என்றாள் கடைசியில்.

நீளமான, மெலிந்த ஸ்பிரிங்குகள் தேடிப்பிடித்தார்கள். பக்கவாட்டு ரப்பர் உயரமான டயர்கள் போட்டார்கள். ஷாக்கின் திருகை ஒவ்வொரு பல்லாகத் தளர்த்துவாள், லோகு ஓட்டுவான், அவள் பின்னால் படுத்துக்கொண்டு “இன்னும் கொஞ்சம்” என்பாள். ரொம்பத் தளர்ந்தபோது வண்டி ஊஞ்சலாடிக் குமட்டியது. மறுபடி ஒரு பல் இறுக்கினாள். வண்டி இப்போது கூரை உயர்ந்து, வளைவுகளில் பெரிய மனுஷிபோல் அசைந்து மெதுவாகப் போனது.

“அம்பு மாதிரி இருந்த வண்டிய எருமை மாதிரி ஆக்கிப்போட்டியே” என்று லோகு வருத்தப்பட்டான்.

“எருமை மேல படுத்துட்டுப் போனா ஒண்ணும் ஆகாதுடா.”

ஆடி முதல் வாரம் குமுதாவை மெத்தையில் சாய்த்து வைத்துக் கிளம்பினாள். குளத்தேரி வந்தது. தெய்வானை ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையோடு முருகா முருகா என்றாள். முன்சக்கரம் இறங்கி ஏறியது, பின்சக்கரம் இறங்கி ஏறியது. கண்ணாடியில் பார்த்தாள். குமுதா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் குழி தெரியவே இல்லை.

“அக்கா! அந்தக் கேக் அம்மா!”

பக்கத்தில் மிதவண்டி வந்துகொண்டிருந்தது. அதன் சணல் வரிசையில் ரோஸ்மேரி, மடியில் அட்டைப் பெட்டியுடன். குழி வந்தபோது மற்றவர்கள் கையூன்றினார்கள். அவளுக்கு ஊன்றக் கை இல்லை. இரண்டு கைகளாலும் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். அடி முழுவதையும் அவள் இடுப்பு வாங்கியது. முகம் ஒரு கணம் சுருங்கி, பிறகு பெட்டியின் மூடியைத் தூக்கி உள்ளே கவலையோடு பார்த்தாள்.

“அவங்கள நம்ம வண்டியில ஏத்திக்கலாமாக்கா?”

“முடியாது சாமி. பழைய வண்டியில வீட்டாளுகளயும் மெக்கானிக்கயும் தவிர யாரையும் ஏத்தக் கூடாது. ஏத்தினா வண்டியப் புடுங்கிக்குவாங்க.”

குமுதா கொஞ்சம் யோசித்தாள்.

“அப்ப நம்மகிட்ட இருந்த குழி அவங்ககிட்டப் போயிருச்சா?”

நான்கு வருடத்துக்கு முன் தெய்வானை அதட்டி அடக்கிய கேள்வி, பதிலையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்திருந்தது. பட்டு வரிசைக்காரர்களைத் திட்டியவள் இப்போது அதே குழியின் மேல் மிதந்துபோயிருக்கிறாள். அவளுக்கும் இனி அந்தத் திருப்பத்தில் குழி இல்லை.

மிதவண்டிகள் எல்லாம் உச்சிவேளையில் மின்னேற்ற நிலையத்துக்குப் போய்விடும். அந்த நேரத்தில் சாலை வெறிச்சென்று கிடக்கும். வெயிலுக்குப் பயந்து நடப்பாரும் இருக்கமாட்டார்கள். இரண்டு நாள் கழித்து, அப்படி ஓர் உச்சிவேளையில், தெய்வானை காரைக் குளத்தேரித் திருப்பத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். குமுதா படுத்திருந்த இடத்தில் ஜல்லி மூட்டைகளும், தார் கலவையும், அதையெல்லாம் இடித்துக் கெட்டிப்படுத்த ஒரு திம்சுக் கட்டையும் இருந்தன. லோகுவிடம்கூட எதற்கென்று சொல்லவில்லை.

சாலையைச் செப்பனிடக் கூடாது என்று எந்த விதியும் கிடையாது. ஒருவர் அப்படிச் செய்வார் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. இத்தனை கோபத்திலும், குழி என்பது மூடக்கூடிய ஒன்று என்பது தெய்வானைக்கே இரண்டு நாள் முன்புதான் உறைத்தது. அதிர்வுவாங்கி வந்த ஊரில் மண்வெட்டி மறந்துபோயிருந்தது.

குழியைப் பக்கத்தில் பார்த்தாள். முழங்கை ஆழம்கூட இல்லை. இதற்குத்தானா இத்தனை வருடம் இத்தனை பேர் என்று மறுபடி ஆத்திரம் பொங்கியது. அந்த ஆத்திரத்தோடேயே தேங்கிய சேற்றை வாரி வெளியே எறிந்தாள். ஜல்லியைக் கொட்டினாள். திம்சுக் கட்டையைத் தூக்கித் தூக்கி இடித்தாள். முதல் இடிகள் நிறுவனத்தின் மேல் விழுந்தன. பிறகு தன் மேல் விழுந்தன. கொஞ்ச நேரத்தில் ஜல்லியின் மேல் மட்டும் விழத் தொடங்கின. தார் பூசி முடித்ததும் காரை அதன்மேல் முன்னும் பின்னுமாக மெதுவாக உருட்டினாள். அந்த எருமை வண்டி தன் கனத்தையெல்லாம் கொடுத்து அதை அழுத்தித் தந்தது.

அடுத்த மழைக்குத் தாங்குமா என்பது தெரியவில்லை. தாங்காவிட்டால் இன்னொரு மூட்டை. காலிச் சாக்குகளைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். முதல் மிதவண்டி திருப்பத்துக்கு வரும்போது அங்கே யாரும் இல்லை.

மறுநாள் காலை, சணல் வரிசையில் யாரோ வழக்கம்போல் “குழி!” என்றார்கள். எல்லோரும் கையூன்றி எழும்பினார்கள். ரோஸ்மேரி பெட்டியைத் தலைக்குமேல் தூக்கினாள். அப்படியே அந்தரத்தில் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, கூச்சத்தோடு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ரோஸ்மேரி கடைசியாகப் பெட்டியை மடியில் இறக்கி வைத்து, திரும்பி, கருப்பாகப் பளபளத்த அந்தச் சிறு இடத்தைச் சன்னல் வழியே பார்த்தாள். அவள் உதடுகள் யாருக்கோ நன்றி சொல்லி அசைந்தன.

அந்த நேரத்தில் தெய்வானை வீட்டுக் கொல்லையில், குமுதா பார்த்துக் கேள்வி கேட்பதற்குள், நகக்கண்ணிலிருந்த தாரை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.