தயங்கும் அம்பு

காலை ஏழு மணிக்கு இலைமனையில் திரை இறங்கும். திரைக்கு ஒரு பக்கம் விவரிப்பாளர், கையில் அன்று பறித்த இலை. மறுபக்கம் வரைவாளர், கையில் பென்சில். விவரிப்பாளர் இலையைச் சொற்களாக எழுதி, திரைக்கு அடியில் அட்டையைத் தள்ளுவார். இலையைப் பார்க்காதவர் அந்த அட்டையை மட்டும் வாசித்து வரைய வேண்டும். பேசக் கூடாது. வரைந்த தாளை இலையோடு சேர்த்து ஒப்புமேசையின் கண்ணாடிமேல் வைப்பார்கள். பொருந்தினால் அட்டைக்கு முத்திரை. தாள் அன்றே கூழாகிவிடும்.

பத்தொன்பது ஆண்டுகள் மாதங்கி எழுதினாள், நான் வரைந்தேன். மாதங்கி என் மனைவி.

படம் எடுத்தால் போதாதா என்று இப்போது பிறந்தவர்கள் கேட்பதில்லை. காரணத்தை நாங்கள் கண்ணால் பார்த்தோம். கணினிகள் தாமாக வரைந்த இலைகள் எல்லாத் தொகுப்புகளிலும் கலந்து, எது மரத்தில் இருந்தது, எது ஒருபோதும் இருந்ததில்லை என்று பிரிக்க முடியாமல் போயிற்று. வயல்கள் பொய்த்து மக்கள் காட்டுக் கீரைக்குத் திரும்பிய அதே ஆண்டுகளில், படத்தை நம்பிப் பறித்தவர்கள் குடும்பம் குடும்பமாகச் செத்தார்கள். அதன்பின் செடிகளின் படம் குற்றமானது. சொல் மட்டும் மிஞ்சியது. இரண்டு மனிதர்கள் சோதித்த சொல். முத்திரை பெற்ற அட்டையைக் காட்டில் பறிப்பவர்களின் காதில் மாட்டிய செவிக்கூறிக் கருவி வாசிக்கும். கடைசியில் எழுதியவரின் பெயரைச் சொல்லும். ஒவ்வொரு காலையும் ஆயிரக்கணக்கானவர்கள் "விவரம், மாதங்கி" என்று கேட்டார்கள்.

பழைய தாவரவியலின் சொற்களைத்தான் இலைமனை தமிழாக்கி வைத்திருந்தது. மாதங்கிக்கு அந்தச் சொற்களின் வேர்கள் பிடிக்கும். லத்தீனில் லான்சியோலா என்றால் சிறு ஈட்டி. அதிலிருந்து ஈட்டி வடிவ இலை. சகித்தா என்றால் அம்பு. பெல்டா, கேடயம். ஃபால்க்ஸ், அரிவாள். சோறு ஆறும்வரை சொல்லிக்கொண்டிருப்பாள்.

"ஈட்டி, அம்பு, கேடயம், அரிவாள். பேர் வெச்சவன் எல்லாம் சண்டையிலருந்து நேரா வந்திருப்பான் போல."

"வல்லாரைக்குச் சிறுநீரக வடிவம்னு வெச்சானே?"

"அவன் சமையல்காரன். ஆட்டை அறுத்தப்போ பாத்திருப்பான்."

இணைகளை ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும் என்பது விதி. எங்களை மாற்றவில்லை. எங்கள் வரைவு ஒருமுறைகூடப் பொருந்தாமல் போனதில்லை. 'பிழையில்லா இணை' என்று சுவரில் பெயர் எழுதி வைத்தார்கள்.

மாசியில் அவளுக்கு நுரையீரல் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள்.

பங்குனியில் வேலைக்குத் திரும்பினேன். இணையில் ஒருவர் இறந்தால், அந்த இணையின் அட்டைகளில் ஐந்தை எடுத்துப் புது ஆள் வரைந்து பார்க்க வேண்டும். புது ஆள் ஜெரால்டு. தூத்துக்குடியைக் கடல் எடுத்த பிறகு மேட்டுக்கு வந்தவன். பேசாமல் அவனால் வேலை செய்ய முடியாது. நான் இந்தப் பக்கம் உலர்ந்த இலையோடு உட்கார்ந்திருந்தேன். மாதங்கியின் அட்டை அவனிடம் இருந்தது.

"அண்ணாச்சி, பேசக் கூடாதுன்னு தெரியும். ஆனா இது என்ன? 'வடிவம் அம்பு. தயங்கும் அம்பு.' அம்பு எங்கய்யா தயங்கும்? அதுக்கென்ன வீட்டுல சண்டையா?"

நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்த அட்டை என்னிடம் வந்தபோது எனக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. இலையின் அடிமடல்கள் இரண்டும் அம்பின் பின்முனைபோலக் கீழே இறங்கும்; மடல்களின் நுனி மட்டும் காம்பை நோக்கிக் கொஞ்சம் உள்ளே வளையும். வீட்டு வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, எதையோ மறந்தவள்போல அவள் உள்ளே திரும்பிப் பார்ப்பாளே, அப்படி. வரைந்தேன். பொருந்தியது.

ஜெரால்டு தாளைக் கண்ணாடிமேல் வைத்தான். இரண்டு மடல்களையும் பக்கவாட்டில் விரித்து வரைந்திருந்தான். "எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நிக்குது, அதான் தயக்கம்னு நெனச்சேன்" என்றான்.

அந்தக் கொடியின் எண் முந்நூற்றுப் பன்னிரண்டு. உண்ணலாம். அதே காட்டில், அதே நிறத்தில், மடல்கள் பக்கவாட்டில் விரிந்த இன்னொரு கொடி உண்டு. அதைத் தின்றால் இரண்டு நாளில் சிறுநீர் நின்றுவிடும்.

மீதி நான்கு அட்டைகளில் மூன்று பொருந்தவில்லை. 'முட்டை வடிவம், கொஞ்சம் கோபம்.' 'அரிவாள், ஆனால் உறையில்.' எல்லாம் எனக்குப் புரிந்தன. எனக்கு மட்டும்.

மாதங்கி இறப்பதற்கு முந்தைய ஐப்பசியில் ஏழாம் அணைக் குடியிருப்பில் ஒரு பெண்ணும் அவளுடைய இரண்டு அண்ணன்களும் அந்த இன்னொரு கொடியைத் தின்று இறந்தார்கள். கவனமில்லாமல் பறித்தார்கள் என்று விசாரணை முடிந்தது. செய்தி வந்த அன்று மாதங்கி சாப்பிடவில்லை.

"முந்நூத்திப் பன்னெண்டு. நீ சரியாத்தானே வரைஞ்ச?" என்று கேட்டாள்.

"சரியாத்தான் வரைஞ்சேன்" என்றேன். அது உண்மை. அதன்பின் சாப்பிட்டாள்.

ஒப்புமேசையில் ஜெரால்டு தாளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ரப்பரை எடுத்தான். "அண்ணாச்சி, மடலக் கீழ எறக்கிப் போட்டுருதேன். தணிக்கை மேடம் இன்னும் வரல. மதினி பேரு அப்படியே இருக்கட்டும்."

"வேண்டாம்."

"ஒரு கோடு அண்ணாச்சி. யாருக்குத் தெரியப் போவுது?"

"ரப்பரைக் கீழ வைப்பா."

தாள்களை நானே தணிக்கையாளர் ஷகீலா பானுவின் அறைக்கு எடுத்துப் போனேன். நிற்கவில்லை, நின்றிருந்தால் திரும்பியிருப்பேன். அவர் ஐந்தையும் பார்த்தார். அட்டைகளை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை எப்படி நீங்க சரியா வரைஞ்சீங்க?"

"அவள் எழுதினது இல்லையா மேடம்."

"எத்தனை அட்டை?"

"புழக்கத்தில் இருப்பது அறுநூற்று நாற்பது."

"அவங்களுக்குத் தெரியுமா? மத்தவங்களுக்கு இது புரியாதுன்னு?"

எல்லாருக்கும்தான் எழுதுகிறோம் என்று அவள் நம்பினாள். நான் பொருத்திப் பொருத்தி அவளை நம்ப வைத்தேன். இதை அவரிடம் சொன்னேனா என்று நினைவில்லை. ஏழாம் அணையில் இறந்தவர்களின் பெயர்களைக் கேட்டேன். கோப்பைத் திறந்து வாசித்தார். பூமாரி, இளவழகன், தாவீது.

அன்று மாலைக்குள் மாதங்கியின் எல்லா அட்டைகளையும் நிறுத்தினார்கள். அடுத்த மூன்று மாதம் பல குடியிருப்புகளில் பாதி வயிற்றுக்குத்தான் கீரை. எங்கள் தெருவில் ஒரு பெண் என்னிடம், "உங்க வீட்டம்மா பேரு இப்பல்லாம் காதுல வர்றதில்லையே" என்றாள். ஆமாம் என்றேன். ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் இணையாக இருக்கக் கூடாது என்று புது விதி வந்தது. இப்போது நான் எழுதுகிறேன், ஜெரால்டு வரைகிறான். முந்நூற்றுப் பன்னிரண்டுக்கு நான் எழுதிய அட்டையில் நாற்பத்தொரு வரி. ஒரு வரியும் அழகில்லை. யார் வாசித்தாலும் அதே இலைதான் வரும்.

ரத்தான அட்டைகள் யாருக்கும் பயன்படாதவை என்பதால் விரும்பினால் எடுத்துப் போகலாம் என்றார்கள். இரண்டு பெட்டிகளில் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு ஒன்று வாசிக்கிறேன். ஒவ்வொரு இலையும் நரம்பு நரம்பாகத் தெரிகிறது.