பிரெஸ்காட் மரத்தில் இரண்டு துளைகள்

அமெரிக்காவின் வெர்மான்டில், எங்கள் ஊரில், மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம் நடக்கும். ஓட்டுள்ளவர்கள் எல்லாரும் மண்டபத்தில் கூடி, ஊர்க் காரியங்களைப் பேசி முடிவு செய்வோம். பிள்ளைகளுக்கு அன்று பள்ளி விடுமுறை. மதியச் சாப்பாட்டுக்கு மேசை போடுவது அவர்கள் வேலை.

அந்த வருஷம் பேச வேண்டிய பட்டியலில் ஏழாவது, எங்கள் மரம்.

மண்டப வாசலில் நிற்கும் அந்த மேப்பிள் மரத்தை நட்டவர் என் கொள்ளுத் தாத்தா. ஊரின் வரைபடத்திலேயே அதற்கு 'பிரெஸ்காட் மேப்பிள்' என்றுதான் பெயர். நான்கு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். அதைப் போய் வெட்ட வேண்டும் என்றார், ஊர்ச் சாலைகளைக் கவனிக்கும் ட்வைட் பெல்கி.

"உள்ள உளுத்துப் போச்சு தியோ அண்ணே. அதுக்கு அடியிலதான் பள்ளிக்கூடப் பஸ் நிக்குது. பன்னெண்டு பிள்ளைங்க தினமும் அங்க நிக்குதுங்க."

நான் எழுந்து நின்றேன். "எங்க குடும்பத்துல எதுவும் உளுத்துப் போனதில்ல, ட்வைட்."

"உங்க தம்பியோட டிராக்டரு?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். மண்டபமே சிரித்தது. என் தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

ட்வைட் ஒரு நிபுணரின் அறிக்கையை வாசித்தார். பன்னிரண்டு பக்கம். நானும் ஒரு நிபுணரை வரவழைத்திருந்தேன். என் அறிக்கை பதினான்கு பக்கம். ஒன்று மரம் விழும் என்றது. மற்றது விழாது என்றது. இரண்டு மணி நேரம் போனது. பாதி ஊர் அவர் பக்கம், பாதி ஊர் என் பக்கம். அடுப்பில் வைத்த அவரைக் குழம்பின் வாசனை வேறு எல்லாரையும் எரிச்சலாக்கிக்கொண்டிருந்தது.

அப்போது சமையலறைக் கதவருகில் ஒரு கை உயர்ந்தது. என் தம்பி மகள் வினி. பத்து வயது.

கூட்டத்தை நடத்தும் லொரெய்ன் கேஜ் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "உனக்கு ஓட்டு இல்லையே கண்ணு. யாரும் தடை சொல்லலன்னா பேசலாம். யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?"

"பேசட்டும்," என்றேன் நான். பிரெஸ்காட் பெண் யார் பக்கம் பேசுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வினி கையில் கரண்டியோடு முன்னால் வந்தாள்.

"மரம் வெளிலதானே இருக்கு?" என்றாள்.

"ஆமா," என்றார் லொரெய்ன்.

"நாம எல்லாரும் மேப்பிள் பாகு காய்ச்சுறவங்கதானே? மரத்துல சாறு எடுக்கத் துளை போடும்போது அப்பா மரத்தூளப் பார்ப்பாரு. வெள்ளையா வந்தா மரம் நல்லா இருக்கு. பழுப்பா வந்தா உளுத்திருக்கு. போய் ஒரு துளை போட்டுப் பார்த்தா என்ன?"

நூற்று நாற்பது பேர் இருந்தோம். எல்லாரும் ஆறு வயதிலிருந்து மேப்பிளில் துளை போட்டவர்கள். ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

"ட்ரில் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார் லொரெய்ன்.

முப்பது கைகள் உயர்ந்தன.

ஊர்க்கூட்டம் கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே நடந்தது. என் வாழ்நாளில் நான் அப்படிப் பார்த்ததில்லை. கைத்தடி ஊன்றியவர்கள், கைக்குழந்தை வைத்திருந்தவர்கள், என்னோடு ஏழு வருஷமாகப் பேசாத ஹார்லன் டட்டன், எல்லாரும் பனியில் மரத்தைச் சுற்றி நின்றார்கள்.

என் தம்பி மண்டபப் பக்கமாக ட்ரில்லை வைத்து அழுத்தினான். தூள் வெள்ளை வெளேரென்று சுருண்டு விழுந்தது. பின்னாலேயே சாறும் சொட்டியது.

நான் ட்வைட்டைப் பார்த்தேன். "போதுமா? உள்ள போய்ச் சாப்பிடலாம்."

பாதிப் பேர் கை தட்டினார்கள். சிலர் திரும்பி நடக்கவும் தொடங்கினார்கள்.

"பெரியப்பா," என்றாள் வினி. "இன்னொரு பக்கம்?"

"அதான் பார்த்தாச்சே."

"இது மண்டபத்துப் பக்கம். நாங்க பஸ்ஸுக்கு நிக்கிறது அந்தப் பக்கம்."

சொல்லிவிட்டுச் சாலைப் பக்கம் போய் நின்றுகொண்டாள். அவள் அப்பா என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் பின்னால் போனான்.

ட்ரில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. வினி உள்ளங்கையை நீட்டித் தூளைப் பிடித்தாள். அதை ட்வைட்டிடமோ லொரெய்னிடமோ காட்டவில்லை. நேராக என்னிடம் கொண்டு வந்தாள்.

காப்பித் தூள் நிறம்.

"கோவமா பெரியப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள். கண்கள் நிறைந்திருந்தன. "எனக்கும் இந்த மரம் பிடிக்கும். ஆனா ஒண்ணாம் வகுப்புப் பொண்ணு ஒருத்திகூட அங்கதான் நிப்பா. அவளுக்கு ஆறு வயசுதான்."

நிமிர்ந்து மரத்தைப் பார்த்தேன். வானத்தைத் தாங்குவதுபோல் நின்றது. குனிந்து அவளைப் பார்த்தேன். என் இடுப்பு உயரம்தான் இருந்தாள். எது பெரியது என்று எனக்கு ஒரு கணம் தெரியவில்லை.

அந்தத் தூளை வாங்கி நானே லொரெய்னிடம் காட்டினேன். தொப்பியைக் கழற்றினேன்.

"மரத்த வெட்டணும்னு முன்மொழியறேன்," என்றேன்.

ட்வைட் இருமினார். கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"வழிமொழியறது யாரு?" என்று கேட்டார், ஏடும் பேனாவுமாக நின்ற ஊர் எழுத்தர் எல்வின்.

"வினி பிரெஸ்காட்னு எழுதுங்க," என்றேன்.

"அவளுக்கு ஓட்டு இல்லையே அண்ணே."

"அப்ப ஒரு வரி இடம் விடுங்க. எட்டு வருஷம் கழிச்சு வந்து கையெழுத்துப் போடுவா."

எல்வின் லொரெய்னைப் பார்த்தார். லொரெய்ன் வானத்தைப் பார்த்தார். "சட்டத்துக்கு ட்வைட் பேர எழுதிக்கோ எல்வின்," என்றார். "ஒரு வரி தள்ளி எழுது."

'எதிர்ப்பவர்கள் உண்டா?' என்று கேட்டபோது ஒரு குரலும் எழவில்லை. வினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழம்பு அடிபிடித்துவிடும் என்று உள்ளே ஓடினாள்.

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. எங்கள் ஊர் ஏட்டில் அந்த ஒரு வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வருஷாவருஷம் போய், வேறு யாரும் அதில் எழுதிவிடவில்லையே என்று பார்த்துவிட்டு வருகிறேன்.