சுரண்டாத சுவர்

ஆனி மாதச் சாரலில் மஞ்சு டீச்சர் இரண்டு பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது, குற்றாலத்தில் அந்தத் தெருவுக்கே நல்ல பொழுதுபோக்கு கிடைத்தது. தென்காசியில் டைல்ஸ் போட்ட வீட்டை விற்றுவிட்டு, முப்பாட்டன் கட்டிய மச்சு வீட்டைக் காப்பாற்ற வருகிறாள் என்றால் யாரால் பேசாமல் இருக்க முடியும்?

இருநூறு வருஷத்து வீடு. பாசி ஏறிய ஓடு, வௌவால் எச்ச நெடி, மதியத்திலும் விளக்கு கேட்கிற அறைகள். ஆபத்தான கட்டடம், இடிக்க வேண்டும் என்று நோட்டீஸ் வந்திருந்தது. பழைய கட்டடங்களைக் காக்கும் குழுவின் பட்டியலில் சேர்ந்துவிட்டால் யாரும் தொட முடியாது. அதற்கு ஒரு அறையிலாவது ஆதிச் சுவர் முழுதும் வெளியே தெரிய வேண்டும்; சிமெண்ட் பூசாத அறை பின்னறை ஒன்றுதான். குழு வர எட்டு நாள் இருந்தது. இதுவும் போனால் டீச்சருக்கு ஒதுங்க இடமில்லை.

கொத்து வேலைக்கு வந்த உச்சிமாகாளி, பின்னறையின் மேற்குச் சுவரைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"டீச்சர், இத மட்டும் விட்ருவோம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கையில இந்தச் சுவத்த யாரும் சொரண்ட மாட்டாவளாம். பழசு மேலயே அடிப்பாவளாம். எங்கம்மா சொல்லுவா."

"ஒங்கம்மா சோம்பேறி. நீ சொரண்டுட்டி."

முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளை மிரட்டியவளை ஒரு சுவரா மிரட்டும்?

முதல் பூச்சு உதிர்ந்ததும் அடியில் லேசான புடைப்பு தெரிந்தது. மூன்றாவது உதிர்ந்ததும் அதற்கு வடிவம் வந்தது.

விரல்கள்.

பூசியவன் யாரோ கை ஊன்றியிருப்பான் என்று டீச்சர் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் ஊன்றினால் குழிதானே விழும்? இது உள்ளேயிருந்து வெளியே தள்ளியிருந்தது.

எட்டாவது பூச்சில் இன்னொரு கை.

சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

உச்சிமாகாளி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். போனவள் நேரே டீக்கடைக்குப் போனாள். அப்புறம் கேட்க வேண்டுமா? அந்தக் காலத்தில் அருவிக்குக் குளிக்கப் போன மச்சு வீட்டு மருமகள் ஒருத்தி திரும்பவில்லை என்று வீட்டார் சொன்ன கதையைத் தெரு மறுபடி கிளறியது. அன்றைக்கே அதை யாரும் நம்பவில்லையாம்.

டீச்சர் தனியாகவே சுரண்டினாள். நிறுத்தினால் வீடு போய்விடும். ஏழாம் நாள் கடைசிப் பூச்சு விழுந்தபோது செங்கல்லும் கூடவே சரிந்தது.

உள்ளே, ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி. எலும்பில்லை, துணியில்லை. உள்பக்கச் செங்கல்லில் மட்டும் நகக் கீறல்கள்.

காலியாக இருந்ததுதான் அவளுக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

மறுநாள் குழுத் தலைவர் மகாதேவன் டார்ச் அடித்துப் பார்த்து அசந்துபோனார். இந்த மாதிரி இரட்டைச் சுவரை எங்கும் பார்த்ததில்லை என்றார். பட்டியலில் சேர்த்தாகிவிட்டது, இனி இடிக்க முடியாது என்றார். டீச்சர் கும்பிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இத அடைச்சிரலாமா சார்?"

"ஒரு செங்கல் வைக்கக் கூடாதும்மா. இப்படியே தொறந்து கெடக்கணும். நீங்கதான் கூடவே இருந்து பாத்துக்கிடணும்."

என்றைக்கும்.

குழு போனதும் அசதியில் பின்னறையிலேயே கிடந்த கட்டிலில் சாய்ந்தாள். கண் விழித்தபோது வெளியே சாரல். அறை முழுக்கப் பச்சைச் சுண்ணாம்பு வாடை. சுவரின் பிளவிலிருந்து தரையில் வெள்ளைக் காலடிகள், ஒடுங்கிய பெண் பாதங்கள், ஈரம் காயாமல் அவள் கட்டில்வரை வந்திருந்தன.

திரும்பிப் போன தடம் இல்லை.