இரண்டு பக்கமும் பிளக்

இரண்டு பல்பு, ஒரு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ். இதற்குப் போய் ஒரு ஜெனரேட்டர் இப்படி முக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் முக்கியது. கொல்லைச் சுவரோரம் நான்கு செங்கல் மேல் உட்கார்ந்துகொண்டு, சிமெண்ட் மூட்டையை மாடிக்குத் தூக்குகிறவன் மாதிரி ‘உம்ம்ம்’ என்று இழுத்தது. சற்று மூச்சு விட்டுவிட்டு, மறுபடி ‘உம்ம்ம்’. ஒவ்வொரு முக்கலுக்கும் ஹால் பல்பு மங்கி, பிறகு மனம் மாறியதுபோல எரிந்தது.

வாத்தியார் விநாடிகளை எண்ணினார். மூன்று. மங்கல். மூன்று. மங்கல்.

அவர் இயற்பியல் வாத்தியார். இருபத்திரண்டு வருடமாக மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியவர். வீட்டில் ஃபியூஸ் போனால் மட்டும் மனைவியின் தம்பிக்கு போன் போடுவார். அவன் லைன்மேன்.

புயல் அடித்து இது மூன்றாம் நாள். காலையில் மைத்துனன் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தான். உள்ளே சேஞ்ச்ஓவர் சுவிட்ச்.

“மாமா, இத மாட்டினாத்தான் ஜெனரேட்டர். ஒண்ணு லைன் கரண்ட், இல்லாட்டி ஜெனரேட்டர் கரண்ட். ரெண்டையும் இது சேர விடாது. சண்ட போட்ட சம்பந்திங்க மாதிரி.”

“கரண்டைப் பத்தி எனக்கே பாடமா?”

“பாடம் உங்களுக்குத் தெரியும். ஒயர் எனக்குத் தெரியும். பரண்ல ரெண்டு பக்கமும் பிளக் வெச்ச கேபிள் ஒண்ணு பார்த்தேனே, அது எதுக்கு? எங்க ஆளுங்க அத எமக்கயிறுன்னு சொல்லுவாங்க. அத செவுத்துல சொருகினா, உங்க கரண்ட் மீட்டர் வழியா திரும்பி தெருக் கம்பிக்கு ஓடும். அந்தக் கம்பியில நான் இருப்பேன்.” தெருக்கோடியைக் கை காட்டினான். “இன்னிக்கு அந்தக் கம்பத்துலதான் வேலை. லைன் செத்துக் கெடக்குன்னு நம்பித்தான் ஏறுறேன். அஞ்சரைக்கு இறங்கி வந்து மாட்டித் தர்றேன். அதுவரைக்கும் கைய வெக்காதீங்க.”

போகும்போது வாசல் மீட்டர் பெட்டியைக் கட்டிங் பிளேயரால் மூன்று தட்டுத் தட்டினான். வந்தாலும் மூன்று தட்டு, போனாலும் மூன்று தட்டு. அழைப்பு மணி இருக்கிற வீட்டில் அதைத் தொடாத ஒரே ஆள்.

ஐந்து மணிக்கே மேகம் கவிந்து ஹால் இருண்டது. ஃபிரிட்ஜ் கதவின் இடுக்கிலிருந்து புளித்த வாடை.

“ஜெனரேட்டர் எதுக்கு வாங்கினீங்க, பொட்டு வெச்சுப் பார்க்கவா?” என்றாள் மனைவி.

அரை மணி நேரம்தானே என்று நினைத்தார். மெயின் சுவிட்சைக் கீழே இறக்கிவிட்டால் வீடு தனி, தெரு தனி. இறக்கினார். தன் கையால். பிறகு எமக்கயிற்றின் ஒரு தலையைச் சமையலறைச் சுவரில் செருகினார், மறுதலையைக் கொல்லை ஜெனரேட்டரில். கொஞ்ச நேரம் எல்லாம் பாடப்புத்தகம் மாதிரி ஓடியது.

அப்புறம்தான் இந்த முக்கல்.

சந்தேகம் என்று வந்துவிட்டால் வாத்தியாருக்கு முதலில் பக்கத்து பெஞ்ச்தான் ஞாபகம் வரும். பக்கத்து வீடு தையல்காரருடையது. எவனோ ஒயரைக் கொக்கி போட்டு இழுக்கிறான். சோதித்துவிடலாம் என்று ஃபேனை நிறுத்தினார். முக்கியது. ஃபிரிட்ஜை நிறுத்தினார். முக்கியது. பல்புகளையும் அணைத்தார்.

“இதுக்கு மெழுகுவத்தியே தேவலை,” என்று இருட்டிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

வீட்டில் இப்போது எதுவும் ஓடவில்லை. ஆனாலும் எதுவோ குடித்துக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், மடக்கு மடக்காக. பெட்ரோல் புகையோடு கருகிய ரப்பர் வாடையும் வந்தது. அதற்கும் அடியில் இன்னொரு வாடை. அது என்னவென்று மூக்குக்குத் தெரிந்திருந்தது. அவர் கேட்கவில்லை.

வாசலுக்கு வந்து பார்த்தார். தையல்காரர் ஜன்னலில், சிவந்த புழுவைப் போல ஒரு பல்பு நெளிந்துகொண்டிருந்தது.

பிடித்தாகிவிட்டது!

“யோவ்! என் கரண்ட்டை எந்த வழியாய்யா இழுக்கிற?”

தையல்காரர் கழுத்தில் இஞ்ச் டேப்போடு எட்டிப் பார்த்தார். “உங்க கரண்ட்டா? லைன்லயே வந்துருச்சு சார்! எதிர்வீட்லயும் எரியுது பாருங்க. என்ன, மூணு நாள் பட்டினி கெடந்த கரண்ட், அதான் தள்ளாடுது.”

எதிர்வீட்டு ஜன்னலிலும் அதே சிவப்பு. இரண்டும் சேர்ந்து மங்கின. சேர்ந்து எரிந்தன. மூன்று விநாடி.

வாத்தியார் மீட்டர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். மெயின் சுவிட்சின் கைப்பிடி மேலே இருந்தது.

“மெயினை யார் தொட்டது?”

“நான்தான்,” என்றாள் மனைவி ஹாலிலிருந்து. “அத எறக்கி வெச்சா, தெருவுல கரண்ட் வந்தது நமக்கு எப்படித் தெரியும்? அதான் மேல தூக்கி விட்டேன். ஏன், என்னாச்சு?”

கைப்பிடி நாலு எட்டில் இருந்தது. அதை இறக்கியிருக்க வேண்டும். கால்கள் தெருவில் இறங்கி ஓடின. முதலில் பார்த்துவிட வேண்டும். அவன் ஏறியிருக்கமாட்டான். டீ குடிக்கப் போயிருப்பான். சீக்கிரம் இறங்கியிருப்பான்.

தெருக்கோடியில் கம்பம். அடியில் அவன் செருப்பு, ஜோடியாக. சாப்பாட்டுப் பை.

மேலே, பெல்ட்டில் சாய்ந்தபடி, அவன்.

காற்று அவனைத் தள்ளியது. கை கம்பியில் உரசியது. நீலப் பொறி. தெருவின் இரண்டு ஜன்னல்களும் மங்கின. காற்று விட்டது. மறுபடி தள்ளியது. ஹெல்மெட் விளக்கு மட்டும் பழுதில்லாமல் எரிந்து, வாத்தியார் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று. பொறி. மூன்று. பொறி.

மெயின். மெயினை இறக்க வேண்டும். திரும்பினார்.

டக். டக். டக்.

அவர் வீட்டு வாசலிலிருந்து. இரும்பின் மேல் இரும்பு. அளந்து வைத்த மூன்று தட்டு.

கைப்பிடி ‘களக்’கென்று இறங்கும் சத்தம்.

தையல்காரரின் பல்பு அணைந்தது. எதிர்வீடும் அணைந்தது. கொல்லையில் ஜெனரேட்டர் பாரத்தை இறக்கி வைத்ததுபோல லேசாகி, சீராக ஓடத் தொடங்கியது.

ஓடி வந்தார். வாசலில் யாரும் இல்லை. செல்போன் வெளிச்சத்தை நீட்டினார். கைப்பிடியில் நான்கு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் பொங்கிக் கருத்திருந்தது. இன்னும் புகைந்தது. வாசல் கதவு அகலத் திறந்திருந்தது.

திரும்பிப் பார்த்தார். தெருக்கோடியில், கம்பத்தின் உச்சியில், அந்த விளக்கு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இறங்கவில்லை.

ஹால் இருட்டுக்குள் மனைவி சிரித்தாள்.

“வாடா. சொன்னபடி அஞ்சரைக்கு வந்துட்டியே. உக்காரு, மாமா இப்பத்தான் வெளியே ஓடினாரு.”

நாற்காலி இழுபடும் சத்தம்.

“ஐயோ, உன் கை ஏன்டா இப்படிக் கொதிக்குது?”