அடுத்த வாய்

ஐரேன் விட்ட ஏப்பத்தில் அழுகிய முட்டை நாறியது. முட்டையை வாயில் வைத்தே அறியாத கைக்குழந்தை. தாய் ஆர்லெத் அதன் வாயை மறுபடி முகர்ந்தாள். போன மாதம் வயிற்றுப்போக்கில் செத்துப்போன மூத்தவன் ஆர்மானின் வாயிலும் கடைசியில் இதே நாற்றம்தான்.

கணவன் பிரான்சில், பட்டாளத்தில். வீட்டில் அவளும் குழந்தையும்தான். ஐப்பசி மழை ஓயாமல் ஓட்டில் இறங்கிக்கொண்டிருக்க, காயாத துணிகளின் புழுங்கல் வாடை அறையெங்கும் அப்பியிருக்க, ஐரேனின் உப்பிய வயிற்றுக்குள் யாரோ பாத்திரம் அலசுவதுபோலக் களக் களக்கென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. காதை வைத்தாள். நின்றது. காதை எடுத்தாள். மறுபடி தொடங்கியது.

மருத்துவமனையில் டாக்டர் தெட்சிணாமூர்த்தி ஐரேனின் மலத்தைச் சோதித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கிருமிதாம்மா. ஜியார்டியான்னு பேரு."

"ஆர்மானுக்கும் இதுதானா டாக்டர்?"

அவர் கண்ணாடித் தகட்டைச் சரிசெய்தார்.

"அதை நான் பாக்கணும்."

மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். வெளிச்ச வட்டத்துக்குள் துளிபோல ஒரு முகம். இரண்டு கண்கள். உதிர்ந்த இலையாகப் புரண்டு, திரும்பி, அவளையே பார்த்தது.

"அது கண்ணில்லம்மா," என்றார் டாக்டர். "வெளிய இருக்கிறப்ப ஓட்டுக்குள்ள சுருண்டு கிடக்கும். தண்ணியில, சோத்துல, கையில. வயித்துக்குள்ள போனா ஓட்டை உடைச்சிக்கிட்டு வந்து, ஒண்ணு ரெண்டாப் பிளந்து, குடல்ல ஒட்டிக்கும். வெளியேறுறப்ப மறுபடி ஓடு கட்டிக்கும். அப்புறம் அடுத்த வாய்." மாத்திரையும் மருந்தும் எடுத்துவைத்தார். "நீங்களும் சாப்பிடுங்க. ஒரு தொந்தரவும் இல்லாமயே உங்க வயித்துலயும் இருக்கலாம்."

"எனக்கா?"

"பிள்ளைக்கு யாரு ஊட்டுறது?"

"நான்தான்." தன் கைகளைப் பார்த்தாள். "அவனுக்கும் நான்தான் டாக்டர்..."

வீட்டுக்கு வந்ததும் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தோல் சிவந்தது. மறுபடி தேய்த்தாள். நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது. ஆனாலும் சோற்றைத் தொட மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுச் சுல்தான் பீவியைக் கூப்பிட்டாள்.

"நீங்க ஊட்டுங்கக்கா."

"என்ன புள்ள, பெத்தவ நீ இருக்கிறப்ப..."

பீவி நீட்டிய சோற்றுக்கு ஐரேன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ம்மா, ம்மா என்று தாயை நோக்கிக் கைகளை நீட்டியது. ஆர்லெத் சுவரோடு ஒட்டி நின்றாள். தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அழுது அழுது குழந்தை தூங்கிப்போனது. சுல்தான் பீவியும் போய்விட்டாள். அழுதுகொண்டே தரையில் சாய்ந்த ஆர்லெத் எப்போது கண்ணயர்ந்தாளோ.

விரலில் ஈரம்.

வெதுவெதுப்பு.

கண் விழித்தாள். தவழ்ந்து வந்த ஐரேன், அம்மாவின் விரலை வாய்க்குள் விட்டுச் சப்பிக்கொண்டிருந்தது. உருவப் பார்த்தாள். பிஞ்சுக் கைகள் இரண்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

பசியாறிய பிள்ளையைப்போல, அது அவளைப் பார்த்துச் சிரித்தது.