கீர்த்தியின் உயரத்துக்கு

பலகை திரும்பி வந்து முட்டும்போது ஒரு சத்தம்தான் கேட்க வேண்டும். இரண்டு கேட்டன. டக். ஒரு மூச்சு இடைவெளி. டக்.

மல்லாந்து படுத்திருந்த சிவபாலன் தலையைத் திருப்பாமல் காத்திருந்தான். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது, அதுவாக இருக்கலாம். மிதிக்கட்டையில் பாதங்களை ஊன்றி மறுபடி உந்தினான். ஸ்பிரிங்குகள் முனகி நீண்டன, அவனைச் சுமந்த பலகை பின்னால் சறுக்கியது, முழங்கால்களை மடக்கியதும் திரும்பி வந்தது. டக். டக்.

பிலாட்டீஸ் ரிஃபார்மர் என்னும் அந்த உடற்பயிற்சி மெஷின் வீட்டுக்கு வந்து அன்று மூன்றாம் நாள்.

அதைத் தேர்ந்தெடுக்கப் போனபோதே செவிலிமேட்டில் பிரவீனா எச்சரித்தாள். தன் பிசியோதெரபி சென்டரைக் காலி செய்துகொண்டிருந்தாள். விற்க இரண்டு மெஷின்கள் வைத்திருந்தாள். அலுமினியத்தில் ஒன்று, நீளமானது. மரத்தில் ஒன்று, குட்டையானது.

"மரம் உங்களுக்கு ஆகாது சார். பனமரம் மாதிரி இருக்கீங்க, தோள் இடிக்கும். அலுமினியத்த எடுத்துக்கினு போங்க. ஸ்பிரிங் அஞ்சும் புதுசு."

"மரத்துல கயிறு எவ்ளோ நீளம்?"

"அது உங்க மேடம் ஹைட்டுக்கு வெச்சது. அன்னைக்குப் படுத்துப் பாத்தாங்களே, அதுக்கப்புறம் நான் மாத்தவே இல்ல." அவன் முகத்தைப் பார்க்காமல் தொடர்ந்தாள். "அப்ப வேணான்னு சொன்னது நீங்கதான சார்? இப்ப எதுக்கு அதையே கேக்கறீங்க?"

அவன் மர மெஷினின் தலைமாட்டுக் கப்பியில் தொங்கிய கயிற்றை இழுத்துப் பார்த்தான்.

பதினொரு மாதங்களுக்கு முன் அவன் மனைவி கீர்த்தி அந்தப் பலகையில் படுத்துக் கண்ணை மூடி, அரைமணி நேரம் எழவில்லை. பிரசவத்திலிருந்தே விடாத முதுகுவலி. "வீட்ல தறி இருக்குது, அத மிதி. சரியாப்பூடும்" என்று சிவபாலன் பிரவீனா முன்னால் சிரித்தான். மழையில் திரும்பும் வழியில் பைக்கின் பின்னாலிருந்து கீர்த்தி, "வண்டிய நிறுத்து, நான் எறங்கிக்கிறேன்" என்று மூன்று முறை சொன்னாள். அவன் நிறுத்தவில்லை. லாரிதான் நிறுத்தியது.

அவள் போய்விட்டாள். அவன் முதுகெலும்பில் நான்கு திருகாணிகள்.

மரத்தையே எடுத்தான்.

மகள் சங்கரிக்கு நான்கு வயது. வாலாஜாபாத்தில் மாமியார் காமாட்சியம்மாள் வைத்திருந்தாள். குழந்தையைக் கேட்டபோதெல்லாம் போனில் ஒரே பேச்சு.

"மொதல்ல எம்பேத்தியத் தூக்கிக்கினு மாடிப்படி ஏறிக் காட்டுங்க மாப்ள. ஒருத்தியக் கீழ போட்டது பத்தாதா?"

அதனால் தினமும் உந்தினான். நாளுக்கு நாள் பலகை கனத்தது. பத்தாம் நாள் ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கனம் குறையவில்லை. கடைசியையும் கழற்றினான். இனி பலகை இலகுவாக உருள வேண்டும், உந்திய இடத்தில் நிற்க வேண்டும். உந்தினான். ஈரத் தார்ச்சாலையும் கீர்த்தி தலைக்குத் தேய்க்கும் சீயக்காயும் கலந்த வாடை, ஜன்னல் மூடியிருந்த அறையில், தலைமாட்டிலிருந்து மெல்ல இறங்கி அவன் முகத்தின் மேல் படிந்தது. பலகை அவனை இழுத்துக்கொண்டு திரும்பியது. டக்.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் முதுகு தேறிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தூக்க முடிந்தது. மாமியாரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை கயிறு அறுந்தது.

"சார், பழசச் சுத்தமா உருவிப் போட்டுடுங்க" என்றாள் பிரவீனா போனில். "புதுசு அனுப்புறேன், செவ்வாக்கெழம வந்துடும். ஒட்டுப் போட்டுக் கீட்டுத் தொலைக்காதீங்க."

ஞாயிறு வரை இரண்டு நாள் விட்டால் முதுகு இறுகிவிடும். அவன் நெசவாளி வீட்டுப் பிள்ளை. தறியில் பாவு நூல் தீர்ந்தால் பழைய இழைகளை உருவி எறிய மாட்டார்கள். பழைய நுனி ஒவ்வொன்றோடும் புதிய நுனியைச் சாம்பல் தொட்டுத் திரித்துச் சேர்ப்பார்கள். அதற்குப் பிணைப்பது என்று பெயர். பழையதன் பின்னாலேயே புதியது தறிக்குள் போகும். கீர்த்தி அதில் கெட்டிக்காரி. கல்யாணத்துக்கு முன் ஒரே பகலில் நாலாயிரம் இழை பிணைத்தவள்.

கடையில் வாங்கிய பருத்திக் கயிற்றின் நுனியைப் பிரித்தான். அவள் படத்துக்கு முன்னிருந்த விபூதியைத் தொட்டுக்கொண்டான். ஒவ்வொரு புரியாகப் பழைய கயிற்றோடு பிணைத்தான்.

சனிக்கிழமை பலகை காற்றுப் போல ஓடியது. ஒரே சத்தம். பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதி போல ஏதோ வந்தது.

ஞாயிறு பதினோரு மணிக்குக் காமாட்சியம்மாள் படிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சங்கரியைத் தூக்கிக்கொண்டு ஏறி, இறங்கினான்.

"ம். தப்பிச்சீங்க. நாலு மணி வரைக்கும் இருக்கட்டும், நான் கோயிலுக்குப் போய்ட்டு வந்துடறேன். ஒரு கீறல் இருந்துதுன்னா அப்புறம் இந்த ஜென்மத்துல கேக்காதீங்க."

சங்கரி சோறு தின்றாள், கூடத்துப் பாயில் தூங்கிப்போனாள். வெளியே மழை பிடித்தது. எழுந்தால் கேட்பாள் என்று பால் காய்ச்ச உள்ளே போனான். பால் பொங்கி வரும் நேரத்தில்தான், காலையிலிருந்து காதில் இருந்துகொண்டேயிருந்த பக்கத்து வீட்டுத் தறியின் ஓசை நின்றுபோயிருப்பதும், மழையின் சத்தம்கூட எங்கோ தொலைவுக்குப் போய்விட்டதும் அவனுக்கு உறைத்தது.

சீயக்காய் வாடை.

அடுப்பை அணைத்தான். கூடத்துக்கு வந்தான். பாய் காலி.

அறைக் கதவு திறந்திருந்தது.

சங்கரி பலகையில் மல்லாந்து கிடந்தாள். கண்கள் திறந்திருந்தன. பலகை தலைமாட்டுக் கோடிவரை போய் நின்றிருந்தது. ஒரு ஸ்பிரிங்கும் மாட்டியிருக்கவில்லை.

"பாப்பா. எழுந்து வாம்மா."

"ஆடக் கூடாதாம்பா."

"யார் சொன்னது?"

"தலை பின்னிக்கினு இருக்காங்க."

குழந்தையின் முதுகுக்கடியில் இரு கைகளையும் கொடுத்தான். தூக்கினான். உடல் வந்தது. தலை வரவில்லை. அவள் வீறிட்டாள்.

குனிந்து பார்த்தான்.

அவள் தலைமயிர் கயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு மயிருக்கு ஒரு நூல். ஒவ்வொரு இணைப்பிலும் சாம்பல். சீராக. ஒன்றுகூடப் பிசகாமல். கயிறு விண்ணென்று இறுகியிருந்தது. கத்தரி கூடத்தில் இருந்தது. அவன் கையைத் தளர்த்தியதும் பலகை அசைந்து குழந்தையின் மயிரை இழுத்தது. மறுபடி இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அம்மாவ நிறுத்தச் சொல்லுப்பா."

"கீர்த்தி, நிறுத்து" என்றான்.

நெற்றியோரத்தில் இன்னும் கொஞ்சம் மயிர் பாக்கியிருந்தது. அதில் ஒன்று தானாக எழுந்தது. நுனியில் சாம்பல் படிந்தது. திரிந்தது. படுத்தது.

அடுத்தது எழுந்தது.